பழையகாயலைத் தேட எது முதலில்: நடையா, கருவியா, குழியா?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தைச் சுற்றி, காயல் என்ற பெயரோடு மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஆற்றுக்கு வடக்கே பழையகாயல், முகத்துவாரத்தின் தென்பக்கம் புன்னைக்காயல், இன்னும் தெற்கே காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ‘காயில்’ என்று ஒரு பெரிய நகரத்தைச் சொல்கிறார். ஹொர்முஸ், கீஷ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் வந்து நின்றன என்கிறார். அது மாறவர்மன் குலசேகரப் பாண்டியனின் காலம். பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப் ஒரு ஒப்பந்தத்தையே பதிவு செய்திருக்கிறார்: 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார், வழியில் செத்துப்போனால் அதற்கும் பணம். பிறகு மிங் காலத்துச் சீனக் கப்பல் படையின் பதிவுகளில் காயல் வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியரும் குறித்திருக்கிறார்கள். அப்புறம் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது, துறை தூர்ந்தது, வணிகம் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

கால்டுவெல் 1870களில் கொற்கையையும் காயலையும் ஆராய்ந்து, மார்க்கோ போலோ சொன்ன ஊர் பழையகாயல்தான் என்று வாதிட்டார். அவர் பெரிதும் நம்பிய சான்று தரையில் கிடந்தது. ஊரைச் சுற்றி மைல் கணக்கில் உடைந்த ஓடுகளும், சீனாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த கலங்களின் சில்லுகளும் பரவிக் கிடந்ததாக அவர் எழுதியிருக்கிறார். காயல்பட்டினத்துக்காக வாதாடுபவர்களும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆக, நகரம் எங்கே மையம் கொண்டிருந்தது, எவ்வளவு பெரியது, கரை எங்கே இருந்தது என்பதெல்லாம் தரையில் தீர்க்க வேண்டிய கேள்விகள்.

இப்போது ஒரு கல்லூரி வரலாற்றுத் துறையோ வட்டார ஆய்வுக் குழுவோ இந்தத் தேடலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் சின்ன மானியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து வெயில் கொளுத்தத் தொடங்கும் வரை ஒரு பருவம். ஆறேழு பேர். கேட்பவர்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு யோசனை வரும்: ட்ரோன் விடலாம், ரேடார் வைக்கலாம், கடலுக்குள் தேடலாம், நேரே குழி வெட்டிவிடலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணுக்கு நடைதான் முதலில், அதாவது தரையில் கிடக்கும் சில்லுகளைப் பார்த்தபடி வரிசையாக நடப்பது. கையால் திருகி மண்ணை மேலே எடுக்கும் கைத்துளை இரண்டாவது. மற்ற எல்லாமே அந்த இரண்டும் காட்டும் இடத்துக்குப் போக வேண்டியவை.

முதலில் கடலைக் கழித்துவிடலாம். துறைமுகம் என்றதும் மூழ்கிய நகரம் என்ற நினைப்பு நமக்குச் சட்டென்று வருகிறது, அதற்குப் பூம்புகார் காரணம். அங்கே கடல் நிலத்தைத் தின்றிருக்கிறது, தேசியக் கடலியல் நிறுவனம் கடலுக்குள் தேடியதில் நியாயம் இருந்தது. தாமிரபரணி முகத்துவாரத்தில் கதை நேர்மாறு. இங்கே ஆறு மண் போட்டுப் போட்டுக் கரையைக் கிழக்கே தள்ளியிருக்கிறது. சங்ககாலத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது, பழையகாயலும் கடற்கரையில் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கப்பல்துறை இன்றைய உப்பளத்துக்கோ வாழைத் தோட்டத்துக்கோ கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒலியலைக் கருவியைப் படகில் கட்டி இழுத்தால் வெளியே நங்கூரம் போட்ட இடத்தில் ஏதாவது தட்டுப்படலாம். முதல் பருவத்தின் பணத்தை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

வானிலிருந்து பார்ப்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். மலிவானதும் பயனுள்ளதுமான ஒன்று அதில் உண்டு: 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த ‘கொரோனா’ படங்கள். 1995இல் அவற்றைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். இந்தப் படங்களில் அன்றைய நிலம் இருக்கிறது, இறால் பண்ணைகள் வருவதற்கு முன்பு, உப்பளங்கள் இந்த அளவுக்கு விரிவதற்கு முன்பு. பழைய ஆற்றுத் தடங்களின் வளைவு அவற்றில் தெரிந்தால், அதுவே நடக்க வேண்டிய கோட்டைச் சொல்லிவிடும். இதைச் சன்னலோர மேசையிலேயே செய்யலாம், செய்யாமல் களத்துக்குப் போகக் கூடாது. ட்ரோன் வேறு. தரையின் ஏற்ற இறக்கத்தை அங்குலக் கணக்கில் வரைந்து தரும், அரை மீட்டர் உயரமே உள்ள மேடுகூட அதில் தப்பாது. ஆனால் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலை இருக்கிறது. வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் எதையும் பறக்கவிடுவது வம்பு. அனுமதி தாமதமானால் பருவமே போய்விடும், அதனால் திட்டத்தை ட்ரோனில் தொங்கவிட வேண்டாம். லைடார், அதாவது வானிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சித் தரையை அளக்கும் முறை, அடர்காட்டுக்குள் கம்போடியாவின் அங்கோர் போன்ற நகரங்களைக் காட்டிப் பேர் வாங்கியது. அடர்காடு இல்லாத இந்தத் தட்டை வெளியில் அதன் பெரிய வலிமைக்கு வேலையே இல்லை, ட்ரோன் படமே போதும்.

அடுத்தது எல்லோருக்கும் ஆசையான பகுதி, மண்ணைத் தோண்டாமலே உள்ளே பார்க்கும் கருவிகள். கீழடியில் தரைஊடுருவு ரேடாரும் காந்தமானியும் பயன்பட்ட செய்தி வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி இதுதான். கருவிகள் நல்லவை, ஆனால் அவை மண்ணைப் பொறுத்தவை. தரைஊடுருவு ரேடார் அனுப்பும் மின்காந்த அலை, காய்ந்த மணலில் இரண்டு மூன்று மீட்டர் வரை போய்த் திரும்பும். உப்புநீர் ஊறிய களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அலையை அப்படியே விழுங்கிவிடும். அங்கே அரை மீட்டருக்குக் கீழே எதையும் பார்க்க முடியாது. பழையகாயலைச் சுற்றிப் பாதி நிலம் உப்பளமும் கழிமுகச் சேறும்தான். உயரமான மணல் திட்டுகளிலும் ஆற்றுமேட்டிலும் ரேடார் உதவலாம். மொத்தப் பரப்புக்கும் அதை வாடகைக்கு எடுப்பது பணத்தைச் சேற்றில் போடுவதுதான்.

காந்தமானியின் சிக்கல் இன்னும் சுவையானது. சுட்ட செங்கல், சூளை, இரும்புக் கசடு இவற்றுக்கெல்லாம் சுற்றியிருக்கும் மண்ணைவிடக் காந்தத்தன்மை அதிகம், அந்தச் சிறு வேறுபாட்டைக் கருவி பிடிக்கும். ஆனால் இந்த வட்டாரம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்ட கிடையாகவே ஓடுகிறது. அதன் விளைவு, கிழக்கு மேற்காக ஓடும் சுவர் முழுசாகத் தெரியும். வடக்கு தெற்காக ஓடும் சுவரோ தன் இரண்டு முனைகளில் மட்டும் தலைகாட்டும், நடுவில் இருப்பதே தெரியாது. ஐரோப்பாவில் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு இங்கே வரைபடத்தைப் படித்தால் நாலு சுவர் உள்ள அறைக்கு இரண்டு சுவர்தான் இருந்தது என்று எழுதிவிடுவோம். போதாததற்கு இந்தக் கரை மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன, காற்று குவித்த தேரி மணலிலும் அவை உண்டு. அவையும் கருவியின் அளவீட்டைக் குழப்பும். நண்பகலை ஒட்டி வானத்து மேலடுக்கில் ஓடும் மின்னோட்டத்தால் புலமே வேகமாக மாறும் என்பதால், அசையாத இடத்தில் இன்னொரு கருவியை வைத்து அந்த மாற்றத்தைக் கழிக்க வேண்டும், அல்லது இரண்டு உணரிகளின் வித்தியாசத்தை அளக்கும் வகையை எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கணக்கு இருக்கிறது. காந்த அளவீட்டில் ஒரு மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு நடந்தால் ஒரு ஹெக்டேருக்குப் பத்து கிலோமீட்டர் நடை. பத்து சதுர கிலோமீட்டர் என்பது ஆயிரம் ஹெக்டேர். நாளுக்கு ஒரு ஹெக்டேர் என்று ஓட்டினாலும் முடியாது. ஆகக் கருவியை எங்கே வைப்பது என்று சொல்ல வேறு ஏதோ ஒன்று முதலில் வேண்டும்.

அந்த வேறு ஒன்று கால்தான்.

பத்து மீட்டர் இடைவெளியில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வலத்தில் ஒரு மீட்டர், இடத்தில் ஒரு மீட்டர் பார்த்தபடி நேர்கோட்டில் நடக்கிறார்கள். பத்துக்கு இரண்டு மீட்டர், அதாவது பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கண்ணில் படுகிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு மொத்தம் நூறு கிலோமீட்டர் நடை. சில்லுகளை எண்ணி, பையில் போட்டு, ஜிபிஎஸ்ஸில் குறித்து, தலைக்கு நாளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் மூன்றரை நாளில் முடியும். பத்து சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வேலைநாட்கள். ஒரு பருவத்துக்குள் அடங்குகிற ஒரே முறை இதுதான். தேவையான பொருட்கள் கயிறு, கொடிக்கம்பு, தராசு, பைகள், ஒரு கைபேசி. மதியச் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும்தான் செலவு.

இந்த நகரத்துக்கு இது மற்ற இடங்களைவிட நன்றாகப் பொருந்துகிறது, காரணம் வணிகத்தின் தன்மை. காயலின் பெருஞ்சரக்கான குதிரை மண்ணில் அநேகமாக எதையும் விட்டுப்போகாது. கொட்டில் மரமும் ஓலையும் மக்கிப்போகும், லாட ஆணி துருப்பிடித்துக் கரையும். ஏலமும் மிளகும் துணியும் அப்படித்தான். முத்துக் குளித்த கரை என்பதால் சிப்பி ஓட்டுக் குவியல்கள் மிஞ்சலாம். மற்றபடி மிஞ்சுவது கலங்கள்தான், அதிலும் பீங்கான். அது துருப்பிடிக்காது, மக்காது, உப்பு ஏறினாலும் உதிராது. எழுநூறு ஆண்டு கழித்தும் உழவில் மேலே வந்து கிடக்கும்.

ஒரு சில்லைக் கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன், களத்தில் புதிதாக வருபவர்களுக்கு இதுதான் முதல் பாடம். தண்ணீரில் கழுவி உடைந்த ஓரத்தை வெயிலில் பாருங்கள். ஓரம் சிவப்பாகவோ கருப்பாகவோ பொரபொரப்பாக இருந்து, நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டினால், அது நம் ஊர் மண்பானை. நுண்துளை ஈரத்தை இழுக்கிறது. ஒட்டாமல் வழுக்கினால், ஓரம் சாம்பலோ வெள்ளையோ கலந்து கல் போல் இறுகியிருந்தால், அது சீனக் கலம். மேலே ஆலிவ் பச்சையில் கெட்டியான மெருகு, பள்ளமான இடத்தில் மெருகு தேங்கிக் கருத்திருந்தால் செலடன், பெரும்பாலும் செஜியாங் மாகாணத்து லாங்ச்சுவான் சூளைகளின் சரக்கு, 13, 14ஆம் நூற்றாண்டு வணிகத்தின் அடையாளம். வெள்ளைத் தரையில் நீலக்கோடு இருந்தால் பெரும்பாலும் சீனாவின் ஜிங்டெசென் சூளை வகை, 14ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. ஓரம் மஞ்சளாகத் தளர்ந்து, மேலே நீலப்பச்சை மெருகு பொரிந்து உதிர்ந்தால் அது மேற்கு ஆசியச் சரக்கு. பழுப்பு மெருகு போட்ட தடித்த ஓடு, பெரிய சாடியின் துண்டு. கப்பலில் தண்ணீரோ எண்ணெயோ ஊறுகாயோ வந்திருக்கும். இந்த ஐந்தையும் பிரித்து எண்ணி, கட்டம் கட்டமாக வரைபடத்தில் ஏற்றினால் எந்தப் பகுதி முதலில் உயிரோடிருந்தது, எது கடைசிவரை தாங்கியது என்பது குழி வெட்டாமலே துலங்கத் தொடங்கும். பச்சைச் சில்லு நிறைந்து நீலம் அறவே இல்லாத வயல் ஒரு கதை சொல்கிறது. நீலம் மட்டும் கிடக்கும் திட்டு வேறு கதை.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சில்லை. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழக அறிஞர்களும் சேர்ந்து தென்னிந்தியக் கரையோரம் சீனக் கலச் சில்லுகளைத் தேடி நடந்த ஆய்வுதான் இடைக்காலத் துறைமுகங்களைப் பற்றிய நம் பார்வையை மாற்றியது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் எ. சுப்பராயலு தலைமையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்து, சீனக் கலங்களை அள்ளிக் குவித்தது. அங்கேயும் தரையில் கிடந்த சில்லுதான் வழிகாட்டி.

நடையின் குறைகளையும் மூடி மறைக்க வேண்டாம். சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் எதுவும் தெரியாது. சில்லு குறைவு என்பது ஆட்கள் இல்லை என்பதா, முள் மறைத்தது என்பதா என்று குழம்பும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தரை எவ்வளவு தெரிந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். உப்பளத்தில் வரப்பு போட எடுத்த மண் பக்கத்துப் பாத்தியிலிருந்து வந்தது என்றால் பரவாயில்லை, சில்லு அதிகம் நகரவில்லை. சாலையோரம் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண் என்றால் அந்தச் சில்லு எந்த ஊருடையதோ. அதைத் தனியாகக் குறித்து, கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். உழுத பிறகு ஒரு மழை பெய்து மண் கழுவிய நிலம் கிடைத்தால் அதிர்ஷ்டம், அன்றைக்கே போய்விடுங்கள். ஆற்றுவண்டல் இரண்டு மீட்டர் மூடிய இடத்தில் எவ்வளவு நடந்தாலும் பூஜ்ஜியம்தான்.

அந்தப் பூஜ்ஜியத்தைத் தீர்க்கத்தான் கைத்துளை. மண்பரிசோதனைக்காரர்கள் வைத்திருக்கும் திருகுத்துளைப்பான், குழாயை நீட்டிக்கொண்டே போனால் நாலைந்து மீட்டர் வரை இறங்கும். ஆற்றிலிருந்து கடலை நோக்கி நூறு மீட்டருக்கு ஒன்றாக ஒரு கோட்டில் துளையிட்டு, வரும் மண்ணை வரிசையாகப் பிளாஸ்டிக் விரிப்பில் அடுக்கினால் மேலே வண்டல், கீழே நாறும் கறுப்புச் சேறு, அதற்கும் கீழே கடற்சிப்பி கலந்த மணல் என்று பழைய கரை தன்னைத் தானே சொல்லும். எந்தத் துளையில் செங்கல் தூள், கரி, மீன் முள் வருகிறதோ அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கரியைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம், தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான துகள்முடுக்கி மையத்தில் இந்த வசதி உண்டு. சிப்பியை அனுப்பும்போது மட்டும் எச்சரிக்கை. கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் சிப்பி தன் வயதை ஏறக்குறைய நானூறு ஆண்டு கூட்டிச் சொல்லும். 13ஆம் நூற்றாண்டா 15ஆம் நூற்றாண்டா என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில் நானூறு ஆண்டுத் தவறு கேள்வியையே கொன்றுவிடும்.

துளைக்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பவற்றையும் பாருங்கள். வாழைக்குத் தோண்டிய குழி, தூர்வாரிய குளத்தின் கரை, வாய்க்கால் ஓரம், புதிதாக வெட்டிய கிணறு. கொத்துக்கரண்டியால் பக்கத்தை லேசாகச் சீவினால் மண்ணடுக்கு தெரியும். நாம் ஒரு கைப்பிடி மண்கூட வெட்டவில்லை, நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பக்கத்து ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காயிலில் எல்லோரும் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டே இருந்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொடிக்காலுக்கு மண்ணைக் கிளறுகிறவர்கள் நம்மைவிட அதிகமாகச் சில்லுகளைப் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் அரைமணி நேரம் பேசுவது ஒரு நாள் நடைக்குச் சமம்.

இனி குழி. நாளிதழில் படம் வருவது குழிக்குத்தான், நடைக்கு யாரும் படம் எடுப்பதில்லை. அதனால்தான் முதலிலேயே குழி வெட்டும் ஆசை வருகிறது. பத்துக்குப் பத்து மீட்டர் குழி என்றால் நூறு சதுர மீட்டர். பத்து சதுர கிலோமீட்டர் என்பது ஒரு கோடி சதுர மீட்டர். ஒரு குழி அதில் லட்சத்தில் ஒரு பங்கு. எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தால் லாட்டரிதான். சட்டமும் விளையாட்டில்லை: மண்வெட்டி விழுந்த நிமிஷமே அது அகழாய்வு, இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், அதை நிறுவனங்களுக்குத்தான் தருவார்கள், ஆர்வலர் குழுவுக்குக் கிடைக்காது. நடை ஆய்வுக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுத்து, பொறுக்கிய சில்லுகள் எங்கே வைக்கப்படும் என்பதையும் துளையிடுவதையும் கடிதத்திலேயே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. சில்லை வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோவது கூடாது என்பதை முதல்நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கழிமுக நிலத்தில் குழிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கொஞ்சம் இறங்கியதுமே தண்ணீர் சுரக்கும், இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும், ஓரம் சரியும். வெட்டியதைவிட அறிக்கை எழுதுவது பெரிய வேலை. நம் நாட்டில் பல அகழாய்வுகளின் அறிக்கை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிவந்திருக்கிறது, சிலவற்றுக்கு இன்னும் வரவே இல்லை. ஒரு குழிக்கு எழுத ஆளும் பணமும் கையில் இல்லாமல் அதைத் திறப்பது சரியில்லை என்பது என் கட்சி.

இருந்தாலும் குழி தரும் ஒன்றை வேறு எதுவும் தராது. மேலே கிடக்கும் சில்லு எந்தக் காலத்தது என்று சொல்லும், எந்தத் தரையில் விழுந்தது என்று சொல்லாது. வீடா, கிடங்கா, பள்ளிவாசலா, குப்பைக்குழியா என்பது மண்ணடுக்கில்தான் இருக்கிறது. அதனால் ஒரு பருவத்துக்குப் பிறகு குழி வேண்டும், அது எங்கே என்பது வரைபடம் சொல்ல வேண்டும்.

மானியத்தைப் பங்கு போடச் சொன்னால் பாதிக்கு மேல் நடைக்கும் சில்லு வகைப்படுத்தலுக்கும் போகும், மிச்சத்தில் பெரும்பகுதி துளைக்கும் காலக்கணிப்புக்கும். கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும் காந்தமானியை ஒரு பல்கலைக்கழகத்திடமிருந்து கேட்டு வாங்கி, சில்லு அடர்ந்த ஐந்தாறு ஹெக்டேரில் ஓட்டுவேன். சுவர் தேடி அதை ஓட்ட வேண்டாம். சூளையையும் இரும்புப் பட்டறையையும் தேடி ஓட்டினால் காந்த நடுக்கோட்டுத் தொல்லையும் பெரிதாக இடிக்காது. உப்பளப் பக்கம் மண்ணின் மின்தடையை அளக்கும் முறை ரேடாரைவிட உருப்படியானது. சுவரைக் காட்டாவிட்டாலும் தூர்ந்த ஆற்றுத் தடம் எங்கே ஓடியது என்பதை உப்புநீருக்கும் நன்னீருக்கும் உள்ள வித்தியாசத்தில் காட்டிவிடும்.

முடிவு மாற வேண்டிய இடமும் உண்டு. நடந்து பார்த்து, பழையகாயலைவிடக் காயல்பட்டினத்துப் பக்கம் 13ஆம் நூற்றாண்டுச் செலடன் அதிகமாகக் கிடைத்தால் துளைக்கோட்டைத் தெற்கே நகர்த்திவிட வேண்டும், கால்டுவெல்லுக்காக வடக்கே பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஆனால் காயல்பட்டினம் இன்றும் நெருக்கமாக மக்கள் வாழும் ஊர். அங்கே வயலில் நடப்பது போல் வரிசை கட்டி நடக்க முடியாது. வீட்டு அடித்தளம் தோண்டும் நாளில் போய் நிற்க வேண்டும், அதற்கு ஊர் ஜமாஅத்தின் ஒத்துழைப்பு முன்கூட்டியே வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு கிடைத்தால், ஒரே நகரம் இரண்டு காலத்தில் நகர்ந்ததா என்று பார்க்க, பச்சை, நீலச் சில்லுகளின் விகிதத்தைத்தான் முதலில் ஒப்பிட வேண்டியிருக்கும். அடுத்த பருவத்துக் குழி பட்டா நிலத்தில் விழுந்தால், வாழை அறுத்து அடுத்த கன்று நடுவதற்கு இடையில் உள்ள வாரங்களுக்குள் வெட்டி, வரைந்து, மூடிக் கொடுக்க வேண்டும். உரிம விண்ணப்பத்தை அதற்கேற்ற மாதத்தில் போடுங்கள்.